லடாக் குளிரில் டீசல் வண்டி: எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை லே நகரில் இரவு மைனஸ் 15 டிகிரி என்பது சாதாரணம். மைனஸ் 20 வந்தாலும் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். திராஸ் பக்கமும் ஹிமாச்சலில் ஸ்பிட்டியின் காசா பக்கமும் அதற்கும் கீழே இறங்கும். அப்படி ஒரு ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நின்ற டீசல் வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். விண்டர் டீசல் போடு, மண்ணெண்ணெய் கல, பேட்டரியைக் கழற்றி ரூமுக்குள் வை, எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான ஆயில் சம்ப்புக்குக் கீழே அடுப்பு வை, ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்காதே.

இவை ஒரே நோய்க்கான ஐந்து மருந்துகள் அல்ல. குளிரில் டீசல் வண்டி நாலு விதமாக மக்கர் செய்யும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. டேங்கில் டீசல் கூழாகிக் கிடக்கும் வண்டிக்குப் புது பேட்டரி வாங்கிப் போடுவது வீண் செலவு. அந்த பேட்டரியும் அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். எனவே எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால், எது கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சாவியைத் திருப்பியதும் வரும் சத்தமும், சைலன்ஸரில் வரும் புகையும் போதும்.

செல்ஃப் இழுத்து இழுத்து, முனகிக்கொண்டு சுற்றினால் கோளாறு பேட்டரியிலோ எஞ்சின் ஆயிலிலோ இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை குபுகுபுவென வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போய்விட்டது, பற்றிக்கொள்ளச் சூடு போதவில்லை. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். நன்றாகச் சுற்றியும் துளிகூடப் புகை இல்லையென்றால் டீசலே வந்து சேரவில்லை. நாலாவது வகைதான் ஆளை ஏமாற்றும்: வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், இரண்டு மூன்று நிமிடம் ஓடும், பிறகு திணறி நின்றுவிடும். ஃபில்டருக்குப் பிறகு பைப்பில் மிச்சமிருந்த டீசலில் ஓடிய ஓட்டம் அது. ஃபில்டர் மெழுகால் அடைத்துக்கொண்டது. தெருமுனைவரை வந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

டீசல்: முதல் பணம் இங்கேதான்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். முதலில் கலங்கும், அப்புறம் வெள்ளையாகக் கெட்டிப்படும். டீசலில் இயற்கையாகவே இருக்கும் பாரஃபின் மெழுகும் இதையே செய்கிறது, இன்னும் குறைந்த வெப்பநிலையில். இதில் மூன்று படிகள் உண்டு. மெழுகு கண்ணுக்குத் தெரியும்படி கலங்குவது முதல் படி. அந்த மெழுகுத் துகள் ஃபில்டரை அடைப்பது இரண்டாவது. டீசல் ஊற்றினால் ஓடாத அளவுக்குக் கூழாவது மூன்றாவது. வண்டி இரண்டாவது படியிலேயே நின்றுவிடும். டேங்க் முழுக்கக் கூழாகும்வரை காத்திருக்காது.

இந்தியாவின் டீசல் தர அளவான ஐஎஸ் 1460, ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் அதிகபட்சம் 6 டிகிரி, மற்ற காலத்தில் 18 டிகிரி என்று வரம்பு வைத்திருக்கிறது. மைனஸ் இல்லை, பிளஸ் 6, பிளஸ் 18. பங்கில் கிடைக்கும் சரக்கு இந்த வரம்பைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனால் மைனஸ் 20-ஐத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சென்னையிலோ நாக்பூரிலோ நிரப்பிய டீசலோடு குளிரில் மலையேறுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இதற்கு மூன்று மாற்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது விண்டர் டீசல். இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்றே இதைக் கொண்டுவந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராவது, உறையாமல் ஓடும் எல்லை மைனஸ் 33 டிகிரி, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம். எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டாம், எதையும் கலக்க வேண்டாம், வாரண்டிக்கும் பங்கமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மைனஸ் 33 என்பது மேலே சொன்ன மூன்றாவது படியின் எண். ஃபில்டர் அடைப்பது அதற்குச் சில டிகிரி முன்னாலேயே தொடங்கிவிடும். லேயின் மைனஸ் 20-க்கு இது தாராளம். திராஸில் மைனஸ் 30-ஐ நெருங்கும் ராத்திரிகளில் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

விண்டர் டீசல் போட்டும் வண்டி நின்றுவிட்டது என்று சொல்பவர்களில் பலர் செய்த தப்பு வேறு. டேங்கில் பாதிக்குச் சமவெளி டீசல் இருக்கும்போது மேலே பாதி ஊற்றியிருப்பார்கள். கலவை இரண்டுங்கெட்டானாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியம், பங்கில் நிரப்பிய கையோடு அடுத்த தெருவில் இருக்கும் ஹோட்டலில் நிறுத்தியிருப்பார்கள். டேங்கில் புது டீசல் இருக்கும். ஃபில்டரிலும் பைப்பிலும் பம்ப்பிலும் பழைய டீசல்தான் நிற்கும். ராத்திரி உறைவது அதுதான். ஆகவே கால் டேங்குக்கும் கீழே குறைத்துக்கொண்டு பங்குக்குப் போய், முழு டேங்க் நிரப்பி, அதன் பிறகு குறைந்தது 15, 20 நிமிடமாவது ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். முழு டேங்க் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று ராத்திரி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். அந்தத் தண்ணீர் ஃபில்டரில் ஐஸ் ஆகும். ஐஸ் அடைப்பும் மெழுகு அடைப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மலையேறும் முன் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, தண்ணீர் நின்று சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை.

இரண்டாவது, உறைவைத் தள்ளிப்போடும் திரவம். டீசல் ஆன்ட்டி-ஜெல் என்று புட்டியில் விற்பது. இது மெழுகைக் கரைப்பதில்லை. மெழுகு துகள்கள் பெரிய தகடுகளாக வளராமல் பொடிப்பொடியாக நிற்கும்படி செய்கிறது. பொடி ஃபில்டர் வழியே போய்விடும். அதனால்தான் மெழுகு பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இதை ஊற்றியாக வேண்டும். உறைந்துபோன டேங்கில் காலையில் ஊற்றினால் மேலே மிதப்பதோடு சரி. புட்டியில் போட்டிருக்கும் அளவை முதலில் காலி டேங்கில் ஊற்றி, அதன் மேல் டீசல் நிரப்பினால் தானாகக் கலக்கும். எவ்வளவு டிகிரி இறக்கும் என்பது அடிப்படை டீசலைப் பொறுத்தது; 5-லிருந்து 15 வரை எதுவும் நடக்கலாம். பிளஸ் 6-ல் அடைக்கும் டீசலில் 15 டிகிரி இறங்கினாலும் மைனஸ் 9 தான். லேயின் ஜனவரிக்கு இது தனியாகப் போதாது. மணாலி, கீலாங் வழியில் விண்டர் டீசல் கிடைக்கும் பங்க் வரும்வரை தாக்குப்பிடிக்க, அல்லது விண்டர் டீசலுக்குத் துணையாக என்றால் வாங்கலாம்.

மூன்றாவது மண்ணெண்ணெய். பழைய லாரி டிரைவர்களின் வழி. வேலை செய்யாத வழி என்று சொல்ல முடியாது. பத்து சதவீதம் கலந்தால் அடைக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 2, 3 டிகிரி இறங்கும். கணக்கைப் பாருங்கள்: 20 டிகிரி இறங்க வேண்டுமென்றால் டேங்கில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெயாகிவிடும். அங்கேதான் கேடு. இன்றைய வண்டிகளில் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் காமன் ரெயில் அமைப்பு. அதில் உயரழுத்த பம்ப் 1,600 பார், 2,000 பார் என்று அழுத்துகிறது. அதன் உலோகப் பாகங்களுக்கு வேறு ஆயில் கிடையாது, டீசலேதான் வழவழப்பு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிசுபிசுப்பு இல்லை. பம்ப் தேய்ந்து, தேய்ந்த உலோகப் பொடி இன்ஜெக்டர் வரை போனால் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர், பைப் என்று மொத்த செட்டையும் மாற்ற வேண்டிவரும். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே; சாதாரண மண்ணெண்ணெயில் அது பல மடங்கு. புகை வடிகட்டிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அது நல்லதல்ல. ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டும்தான் என்ற சட்டம் வேறு இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய பொலேரோ, பழைய சுமோ என்றால், வேறு வழியே இல்லாத நாளில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாங்கும். காமன் ரெயில் வண்டியில் வேண்டாம். பெட்ரோல் கலக்கச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்க வேண்டாம். அது பம்ப்பையும் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தையும் கூட்டும்.

ஏற்கெனவே உறைந்துவிட்டது, காலை ஏழு மணி, என்ன செய்வது? செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. டீசல் வராமல் பம்ப் வறட்சியாகச் சுற்றுவது மண்ணெண்ணெயைவிடக் கேடு. அடைப்பு பெரும்பாலும் ஃபில்டரில்தான் இருக்கும். கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஃபில்டரைச் சுற்றிக் கட்டி, ஆற ஆற மாற்றினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெழுகு இளகும். எலக்ட்ரிக் கனெக்டரில் தண்ணீர் படக்கூடாது. கையில் புது ஃபில்டர் இருந்தால் மாற்றிவிடுவது இன்னும் சுத்தம். அதை ராத்திரி ரூமுக்குள் வைத்திருக்க வேண்டும். மாற்றியதும் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்த வேண்டும். இல்லாத வண்டியில் சாவியை ஆன் செய்து, டேங்க் பம்ப் ஓடி நிற்கும்வரை விட்டு, ஆஃப் செய்து, இப்படி ஐந்தாறு தடவை. இல்லையென்றால் ஏர் பிடித்துக்கொண்டு அது தனித் தலைவலியாகும். டேங்கே கூழாகியிருந்தால் கெட்டில் வெந்நீர் பத்தாது. வண்டியை மூடிய ஷெட்டுக்குள் தள்ளிக் காத்திருக்க வேண்டும், அல்லது வெயில் ஏற வேண்டும். லேயில் வானம் தெளிவாக இருந்தால் பதினோரு மணி வெயில் நல்ல மெக்கானிக். அதனால் முந்தைய நாளே பானெட் கிழக்கே பார்க்கும்படி, வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்துவது காசில்லாத வைத்தியம்.

பேட்டரி: பெரிதாக்கலாமா, உள்ளே எடுத்துவரலாமா

மைனஸ் 18-ல் லெட்-ஆசிட் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிறது. அதே நேரம் கெட்டியான ஆயிலில் எஞ்சினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் தேவைப்படுகிறது. அதனால் ஊரில் பிரச்சினையே தராத மூன்று வருஷத்து பேட்டரி லேயில் முதல் நாளே கைவிரிக்கும்.

பேட்டரி வாங்கும்போது ஆம்பியர்-அவரைப் பார்ப்பது நம் பழக்கம். இங்கே பார்க்க வேண்டியது சிசிஏ என்று போட்டிருக்கும் எண். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அது. அதே டிரேயில், அதே டெர்மினல் அமைப்பில் பொருந்துகிற பேட்டரிகளில் சிசிஏ அதிகமானதை எடுப்பது நியாயமான செலவு. டிரேயை வெட்டி, கிளாம்ப்பை வளைத்து ஒரு சைஸ் பெரிதைத் திணிப்பது தேவையில்லாதது.

வாங்குவதற்கு முன் இருப்பதை அளந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் வலு மட்டும் பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கும் அமிலம் ஏறக்குறைய தண்ணீராகிவிட்டது. மைனஸ் 10 வாக்கில் உறைந்து பெட்டி வெடிக்கும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. பக்கவாட்டில் உப்பிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே, அதாவது வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கவே கூடாது.

உள்ளே எடுத்துவருவது இலவச வழி. 10 ஸ்பேனர் ஒன்று போதும்: நெகட்டிவை முதலில் கழற்று, பாசிட்டிவை அப்புறம்; மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். 18, 20 கிலோ எடையைத் தினம் தூக்குவது, கடிகாரம், ஜன்னல் ஆட்டோ செட்டிங் எல்லாம் அழிந்துபோவது, ரூமில் நெருப்பு பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது ஆகியவை இதன் விலை. ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு மூன்று கடும் ராத்திரிகளில் செய்யலாம். அங்கேயே வசிப்பவர் தினமும் செய்ய மாட்டார்; அவர் நல்ல பேட்டரி வாங்குவதே மேல்.

லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி எல்லோருக்கும் பிடித்துப்போன பொருள். வண்டியின் டிக்கியிலேயே வைத்துவிட்டுத் தூங்கினால் அதுவும் சேர்ந்து செத்திருக்கும். தலையணைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜம்ப் கேபிள் வாங்கினால் டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு. கடையில் கிடைக்கும் சன்னமான கேபிள் சூடாகுமே தவிர எஞ்சினைச் சுற்றாது. சிவப்பு இங்கே பாசிட்டிவ், சிவப்பு அங்கே பாசிட்டிவ், கறுப்பு உதவும் வண்டியின் நெகட்டிவ், கடைசி முனை உறைந்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில். பத்து நிமிடம் உதவும் வண்டியை ஓடவிட்டு அதன் பிறகே செல்ஃப்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது, கயிறு கட்டி இழுப்பது எல்லாம் அந்தக்காலம். பேட்டரியில் வோல்டேஜ் இல்லையென்றால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே திறக்காது. உறைந்த எஞ்சினை கியரில் போட்டு வெடுக்கென்று இழுத்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டும் அபாயமும் உண்டு.

ஆயில்

இது சின்ன விஷயம், ஆனால் செல்ஃப் முனகுவதற்குப் பாதிக் காரணம். ஆயில் டப்பாவில் டபிள்யூ எழுத்துக்கு முன் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 15டபிள்யூ என்றால் எஞ்சின் சுற்றும் தன்மை மைனஸ் 20 வரைக்கும்தான் சோதிக்கப்பட்டது. 10டபிள்யூ மைனஸ் 25. 5டபிள்யூ மைனஸ் 30. 0டபிள்யூ மைனஸ் 35. பழைய வண்டிகளில் வழக்கமாக ஓடும் 15டபிள்யூ-40, லேயின் ஜனவரியில் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. உங்கள் மேனுவல் அனுமதித்தால் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 போதும். டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி உள்ள வண்டிக்கு மேனுவலில் சொன்ன சாம்பல் குறைந்த ரகமாகவே இருக்க வேண்டும். 0டபிள்யூ தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த சர்வீஸைப் பயணத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டால் தனிச் செலவே இல்லை.

ஹீட்டர் பிளக்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16-ல் ஒரு பங்காக அழுத்தி, அந்தச் சூட்டில் டீசல் பற்றுகிறது. லே 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்தப்படும் காற்று குறைவு, அதில் பிறக்கும் சூடும் குறைவு, அதிலும் பெரும்பகுதியை உறைந்த சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. அதே மைனஸ் 20 சமதரையில் இருந்தால் கிளம்பும் வண்டி இங்கே கிளம்பாமல் போவது இதனால்தான். நாலில் ஒரு பிளக் செத்திருந்தால் சென்னையில் வாழ்நாளெல்லாம் தெரியாது. இங்கே முதல் காலையே வெள்ளைப் புகையோடு மூன்று சிலிண்டரில் நடுங்கும்.

கிளம்பும் முன் மல்ட்டிமீட்டரால் ஒவ்வொரு பிளக்கின் கனெக்டரைக் கழற்றி, முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பார்க்கவும். ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நல்லது; ரீடிங்கே வராவிட்டால் செத்தது. பழைய மெக்கானிக்குகள் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து முனை சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். புது வண்டிகளின் பிளக்குகள் 5, 7 வோல்ட்டுக்குச் செய்தவை. நேரடி 12 வோல்ட்டில் சில விநாடியில் எரிந்துவிடும். கழற்றுவது எஞ்சின் சூடாக இருக்கும்போது. குளிர்ந்த ஹெட்டில் முறுக்கினால் பிளக் பாதியில் ஒடியும். ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். ஆகவே இந்த வேலையை ஊரிலேயே முடித்துவிடுவது நல்லது, மலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

எளிதில் பற்றிக்கொள்ளும் ஈத்தர் ஸ்ப்ரேயை அடித்து ஸ்டார்ட் செய்வது பற்றி ஒரு வரி: ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஏர் ஃபில்டர் வழியாக அடித்தால், பழுத்த பிளக்கில் பட்டு நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும். பிஸ்டன் உடைந்த கதைகள் இதில்தான் பிறக்கின்றன.

எஞ்சினையே சூடாக வைப்பது

நாலு வழிகளில் மிகவும் சுகமானது பிளாக் ஹீட்டர். நார்வே, ஃபின்லாந்து, கனடாவில் வீட்டு வாசலிலேயே வண்டிக்கு பிளக் பாயின்ட் இருக்கும். 500 வாட் ஹீட்டர் கூலன்ட்டைச் சுற்றுக் குளிரைவிட 20, 30 டிகிரி மேலே வைத்திருக்கும். ராத்திரி முழுக்கப் போட வேண்டாம். கிளம்பும் முன் மூன்று மணி நேரம், ஒன்றரை யூனிட் கரண்ட் போதும், டைமர் ஒன்று வைத்தால் போயிற்று. லடாக்கில் இதற்கு இரண்டு தடைகள்: விடியற்காலையில் கரண்ட் இருக்க வேண்டும், ஹோம்ஸ்டே வயரிங் தாங்க வேண்டும். சொந்த வீடும் நல்ல எர்த்தும் இருப்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. சம்ப்பில் ஒட்டும் சிலிக்கான் பேட் மலிவானது. உலோக சம்ப்புக்கு மட்டும், பிளாஸ்டிக் சம்ப் உள்ள வண்டியில் ஒட்டக்கூடாது. இரண்டுமே எஞ்சினைத்தான் சூடாக்கும், டேங்கில் உறைந்த டீசலை அல்ல.

வண்டியின் டீசலையே எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் வகை ஹீட்டர்களுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் தேவையில்லை. 5 கிலோவாட் சூடு, அரை மணி நேரம், கால் லிட்டர் சுமாருக்கு டீசல். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் விலை அதிகம், பொருத்தத் தெரிந்த ஆள் வேண்டும், உயரத்தில் காற்று குறைவதால் கரிபிடிக்கும். வாங்கும்போதே உயரப் பகுதிக்கான அமைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். வருஷம் முழுக்க அங்கே ஓடும் வண்டிக்கு யோசிக்கலாம்.

அடுப்பு, புளோ லாம்ப், தணல் தட்டு: லாரிகளுக்கடியில் இன்றும் பார்க்கலாம். லாரியின் அடிப்பாகம் இரும்பு, உயரமும் அதிகம். காரின் அடியில் பிளாஸ்டிக் கவர், வயரிங், ரப்பர் ஹோஸ், டீசல் பைப், போதாக்குறைக்கு ஆயில் கசிவு. சம்ப் சூடாகுமுன் ஏதாவது ஒன்று பற்றும். இந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிடுவது வேலை செய்யும் வழிதான். செலவு தெரிந்து செய்யுங்கள். இரண்டு லிட்டர் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டர் சுமாருக்குக் குடிக்கும்; பத்து மணி நேரத்தில் ஏழெட்டு லிட்டர். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது சூடாகவே ஆகாது. டிபிஎஃப்பில் கரி சேரும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த முற்றத்திலோ, ஜன்னலுக்குக் கீழேயோ ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு ரூமுக்குள் வரும். ஓடும் வண்டிக்குள் படுத்துத் தூங்குவதும் அதே காரணத்தால் கூடாது. ஒரு கடும் ராத்திரிக்கு மட்டும் என்றால், அலாரம் வைத்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இருபது நிமிடம் ஓடவிடுவது இதைவிட நல்லது. தூக்கம்தான் விலை. பானெட் மேல் கனத்த கம்பளி போர்த்தினால் இறங்கும் சூடு கொஞ்சம் தாமதிக்கும். காலையில் அதை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும், மறப்பவர்கள் உண்டு.

எந்த வண்டிக்கு எது

டிசம்பர், ஜனவரியில் ஒரு வாரம் பத்து நாள் போய்வருபவர் பிளாக் ஹீட்டரையெல்லாம் நினைக்க வேண்டாம். ஊரிலேயே பேட்டரி, ஹீட்டர் பிளக் சோதனை, 5டபிள்யூ ஆயில், புது டீசல் ஃபில்டர், கூடவே இன்னொரு ஃபில்டர். ஒரு புட்டி ஆன்ட்டி-ஜெல். கார்கிலோ லேயோ வந்ததும் விண்டர் டீசல். இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிப்பதானால் நல்ல ஜம்ப் கேபிளுக்கு. காசா, கீலாங் பக்கம் போகிறவர் பங்கில் வாயைத் திறந்து விண்டர் டீசலா என்று கேட்டுவிட்டே நிரப்ப வேண்டும்.

அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர், டாக்ஸி ஓட்டுபவர் இவர்களுக்கு விண்டர் டீசலும் சிசிஏ அதிகமான பேட்டரியும் அடிப்படை. கரண்ட் நம்பிக்கையானது என்றால் அடுத்தது பிளாக் ஹீட்டர். மெக்கானிக்கல் பம்ப் வண்டி வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் அதன் 15டபிள்யூ ஆயிலை முதலில் மாற்ற வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து வரும் வண்டிகளுக்கு மட்டும் ஒரு தனிச் சோதனை. நம் ஊரில் ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவோம்; வருஷக்கணக்கில் ஊற்றி ஊற்றி உள்ளே பச்சை நிறம் மட்டும்தான் மிச்சமிருக்கும். அது மைனஸ் 5, 6-லேயே ஐஸ் ஆகி பிளாக்கைப் பிளக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். வெறும் கூலன்ட்டையே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கக்கூடாது. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக மைனஸ் 13 வாக்கிலேயே உறையும். கண்ணாடி கழுவும் தண்ணீரையும் காலி செய்துவிடலாம். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவம் உள்ள வண்டியில் அது மைனஸ் 11-ல் உறையும். அதற்கென ஹீட்டர் டேங்கிலேயே இருக்கிறது, வண்டி கிளம்புவதற்கு அது தடையில்லை.

காலையில் சாவியைத் திருப்பும்போது

ஹெட்லைட், புளோயர், சார்ஜர் எல்லாம் ஆஃப். சாவி ஆன் செய்து, டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து மறுபடி ஆன். மைனஸ் 15-க்குக் கீழே இப்படி இரண்டு மூன்று முறை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச்சை மிதிக்காமல் பட்டனை, வண்டியைப் பொறுத்து ஒருமுறையோ இரண்டு முறையோ, அழுத்தினால் இக்னிஷன் மட்டும் ஆன் ஆகும். பிறகு கிளட்ச்சை முழுக்க மிதித்து செல்ஃப். கியர்பாக்ஸின் கெட்டி ஆயிலைச் சுற்றும் வேலை அதனால் குறையும். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம், எவ்வளவு டீசல் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றவிடாமல், ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மூன்று முறை. மூன்றிலும் பிடிக்காவிட்டால் நாலாவது முறையும் பிடிக்காது. இறங்கிச் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும்.

பிடித்ததும் ஓரிரு நிமிடம் அப்படியே விட்டு, டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தபின், 2,000 ஆர்பிஎம்முக்குள் மெதுவாக ஓட்டிச் சூடாக்கலாம். வண்டி நகர மறுத்தால் எஞ்சினைக் குறைசொல்லும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்: ராத்திரி ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கும். அதனால்தான் அங்கே எல்லோரும் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.